எல்லை கடந்து செல்லும் திருவிழா

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

“அயல் நகரில் கண்ட திருவிழா” என்ற பொருளில் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். சென்ற ஆண்டு இதே மேடையில் பேசிய அன்பர் ஒருவர் பிரான்சு நாட்டு நீஸ் நகரத்தின் கார்னிவலைக் கண்டு வந்து, மலர்த் தேர்களைப் பற்றியும் அங்கிருந்து மக்கள் மேல் வீசப்படும் பூக்களைப் பற்றியும் மிக அழகாகப் பேசினாராம். நான் கடல் கடந்தவன் அல்லேன். பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். நான் கண்ட அயல் நகரம் என் வீட்டு வாயிலிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அதன் பெயர் திருவனந்தபுரம்.

அதைப் பற்றி என்ன பேசுவது என்று தயங்கிக்கொண்டே மூன்று நாட்களுக்கு முன் இங்கு என் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அன்று இரவு கீழே தெருவில் மேளமும் விளக்குமாக ஒரு சாமி ஊர்வலம் சென்றது. நம் அண்டை வீட்டார் பலர் அதில் நடந்து சென்றனர். என் பேரன் மூன்றாம் மாடியில் நின்று அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். “கீழே இறங்கிப் போய்ப் பார்ப்போமா?” என்றேன். “வேண்டாம் தாத்தா. அது அவங்க விழா. நாம இங்கிருந்தே பார்க்கலாம்” என்றான். அவன் பிறந்தது இந்த ஊரில். பயில்வது இந்த ஊரில். ஆயினும் அவன் தன் தெருவையே ஒரு சுற்றுலாப் பயணியின் கண்ணால் பார்க்கிறான். அந்தச் சொல் என்னைத் தைத்தது. அப்போதுதான் என் பேச்சுக்கு உரிய பொருளும் கிடைத்தது.

எங்கள் ஊரும் அதன் எல்லையும்

நான் பிறந்த சிற்றூர் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே, நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே உள்ளது. செம்மண் மேடும், தென்னந்தோப்பும், மரச்சீனி விளையும், குளமும் கொண்ட ஊர். வீட்டில் தமிழ், கடையில் பாதித் தமிழும் பாதி மலையாளமும், பள்ளியில் மலையாளம். என் அத்தையை மணம் செய்து கொடுத்த ஊர் மார்த்தாண்டம். எங்கள் வீட்டிலிருந்து காலையில் புறப்பட்டு நடந்தால் நண்பகல் உணவுக்கு முன் அங்குப் போய்ச் சேரலாம்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. பழைய திருவிதாங்கூரில் இருந்த தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. அதற்கு முன் நிகழ்ந்த போராட்டத்தையும், 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர் ஈந்தவர்களையும் நீங்கள் அறிவீர்கள். நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தோடு நின்றது. ஆகவே எங்கள் வீடு கேரளத்தில். அத்தை வீடு தமிழகத்தில். நடுவே களியக்காவிளையில் ஒரு சோதனைச் சாவடி.

அப்போது எனக்கு ஆறு வயது. “ஆச்சி, நாம எந்த நாட்டுக்குப் போயிட்டோம்?” என்று என் பாட்டியைக் கேட்டேனாம். “நாம எங்கேயும் போகல்லே மக்களே. நாம நின்ன இடத்துலேதான் நிக்கோம். நாடுதான் நீங்கிப் போச்சு” என்றார்கள். பின்னாளில் பல நூல்களில் எல்லைப் பிரிவினையைப் பற்றிப் படித்தேன். ஆச்சி சொன்னதற்கு மேல் தெளிவாக எவரும் சொல்லக் கண்டேனில்லை.

எல்லையில் பிறந்தவனுக்கு இரண்டு பட்டங்கள் தாமாக வந்து சேரும். மேற்கே போனால் “பாண்டி” என்பார்கள். கிழக்கே போனால் “மலையாளத்தான்” என்பார்கள். இரண்டையும் நான் கேட்டிருக்கிறேன். முதற் சொல்லை முதன்முதலாகக் கேட்டது என் பத்தாம் வயதில், 1960-இல், திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில். அந்தப் பயணத்தைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

மூன்று தெய்வங்களின் பயணம்

ஆண்டுதோறும் நவராத்திரிக்குச் சில நாட்கள் முன்னதாக, குமரி மாவட்டத்திலிருந்து மூன்று தெய்வங்கள் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகின்றன. பத்மநாபபுரம் அரண்மனை வளாகத்தில் உள்ள தேவாரக்கட்டுச் சரஸ்வதி. வேளிமலைக் குமாரகோவில் குமாரசுவாமி. சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை. கலைமகள், முருகன், சக்தி என்னும் மூவர்.

பத்மநாபபுரம் முன்னர் திருவிதாங்கூரின் தலைநகராக இருந்தது. தர்மராஜா என்று புகழப்பட்ட கார்த்திகைத் திருநாள் மன்னர் காலத்தில், 1795-இல், தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. தலைநகர் மாறினால் நவராத்திரி பூஜையும் மாற வேண்டும் அன்றோ? ஆனால் தெய்வத்தை நிலையாக இடம் பெயர்த்துவிட மன்னர்க்கு மனம் இல்லை போலும். பூஜைக்கு மட்டும் சென்று, பூஜை முடிந்ததும் தம் கோயிலுக்கே தெய்வங்கள் திரும்பி வரும் வழக்கம் ஏற்பட்டது. தலைநகர் போனது போனதுதான். தெய்வங்களோ ஆண்டுக்கு ஒரு முறை விருந்தாகப் போய் மீள்கின்றன.

அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் உள்ள மன்னரின் உடைவாளை எடுத்துக் கொடுக்கும் சடங்குடன் பயணம் தொடங்கும். ஒரு விந்தையை இங்கே கூற வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனை நிற்கும் மண் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. அரண்மனையைப் பேணி வருவதோ கேரள அரசு. ஆகவே இச்சடங்கில் இரு மாநில அதிகாரிகளும் ஒன்றாக நிற்கிறார்கள்; இரு மாநிலக் காவலரும் மரியாதை செய்கிறார்கள். 1956-க்குப் பின் எத்தனையோ ஆற்று நீர் வழக்குகளும் எல்லைப் பூசல்களும் வந்து போயின. இந்த வாள் மட்டும் ஆண்டுதோறும் அமைதியாகக் கைமாறுகிறது.

முதல் நாள் இரவு குழித்துறையில் தங்கல். இரண்டாம் நாள் களியக்காவிளையைக் கடந்து கேரள எல்லைக்குள் புகுந்து, பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயிலில் இரவுத் தங்கல். மூன்றாம் நாள் மாலை கரமனை வழியாகத் திருவனந்தபுரம். அங்கே சரஸ்வதி தேவிக்குக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், குமாரசுவாமிக்கு ஆரியசாலைக் கோயிலிலும், முன்னுதித்த நங்கைக்குச் செந்திட்டைக் கோயிலிலும் இருப்பிடம். விஜயதசமியன்று குமாரசுவாமி வெள்ளிக்குதிரை ஏறிப் பூஜைப்புரைக்கு எழுந்தருளுவார். மறுநாள் நல்லிருப்பு என்னும் ஓய்வு. பின்னர் வந்த வழியே மீள்வர்.

ஆச்சியுடன் நடந்தது

அந்த ஆண்டு ஆச்சிக்கு ஒரு நேர்ச்சை. என் தந்தையார் நோய் நீங்கி எழுந்தால் சரஸ்வதி தேவியோடு பாறசாலையிலிருந்து தலைநகர் வரை நடந்து வருவதாக வேண்டிக்கொண்டிருந்தார்கள். துணைக்கு என்னைக் கூட்டிச் சென்றார்கள். அக்காலத்தில் எங்கள் ஊர் வழியாக இருப்புப்பாதை இல்லை; அது 1979-இல்தான் வந்தது. திருவனந்தபுரத்தை நான் அதுவரை கண்டதே இல்லை.

பாறசாலையில் நெடுஞ்சாலையின் இரு புறமும் வீட்டு வாயில்களில் குத்துவிளக்கு ஏற்றி, நெல் நிறைத்த நிறைபறை வைத்து, தட்டில் பழமும் பூவும் அவலும் ஏந்தி மக்கள் நின்றிருந்தார்கள். முதலில் யானை மேல் சரஸ்வதி. பின்னால் பல்லக்குகளில் மற்ற இருவர். தமிழ் பேசும் வீடு எது, மலையாளம் பேசும் வீடு எது என்று அந்த விளக்கு வரிசையைப் பார்த்து யாராலும் கூற இயலாது. எல்லா வாயிலிலும் பல்லக்கு நின்றது. எல்லார் தட்டும் ஏற்கப்பட்டது.

அமரவிளையில் நெய்யாற்றைக் கடந்து, அந்தி மயங்கும் வேளையில் நெய்யாற்றின்கரை சேர்ந்தோம். அக்கோயிலில் இரு கைகளிலும் வெண்ணெய் ஏந்திய கண்ணன் நிற்கிறான். கோயில் வளாகத்தில் உள்ள பழம்பெரும் பலா மரத்துக்கு அம்மச்சிப் பிலாவு என்று பெயர். பகைவர் துரத்தி வந்தபோது மார்த்தாண்ட வர்மா அதன் பொந்தில் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது வழிவழியாக வரும் கதை. “ராஜாவுக்கே ஒரு காலத்துலே ஒதுங்க இடம் இல்லாமப் போச்சு, பாத்துக்கோ” என்று சொல்லிக்கொண்டே ஆச்சி ஒரு கடைத் திண்ணையில் துணியை விரித்தார்கள். தெரிந்தவர், தெரியாதவர் என்று ஐம்பது பேர் அத்திண்ணையில் படுத்திருந்தோம். கடைக்காரர் யாரையும் எழுப்பவில்லை.

மறுநாள் வெயிலில் என் கால்கள் தளர்ந்த இடம் பாலராமபுரம். தெருவுக்குள்ளிருந்து தறியின் ஓசை கேட்டது. அடுத்து, தமிழில் பேச்சுக் குரல் கேட்டது. எனக்கு வியப்பு. பாலராம வர்மா மன்னர் காலத்தில், அதாவது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்து வந்து குடியமர்த்தப்பட்ட சாலியர் குலத்து நெசவாளர்களின் தெரு அது என்று பின்னர் அறிந்தேன். ஓணத்துக்குக் கேரள மக்கள் விரும்பி உடுத்தும் கசவு வேட்டியும் முண்டும் நெய்யும் பேரூர் அது. புலம்பெயர்ந்து வந்தவர் தறியில் பிறந்த துணி, வந்த நாட்டின் விழாவுக்கு அடையாளமாகிவிட்டது. ஒரு நெசவாளர் வீட்டு அம்மாள் எனக்கு ஒரு செம்பு நீர்மோர் கொடுத்தார்கள். அதன் சுவை இன்றும் நாவில் இருக்கிறது.

நகர் கண்ட நாட்கள்

மாலையில் கரமனை ஆற்றுப் பாலத்தை நெருங்கியபோது நான் கண்ட காட்சியை எவ்வாறு சொல்வேன்! என் ஊர்த் திருவிழாவில் நூறு விளக்குக் கண்டிருக்கிறேன். அங்கே விளக்குக்கு எல்லை இல்லை. தாலம் ஏந்திய பெண்கள், பஞ்சவாத்தியம், வரிசை வரிசையாகக் காவலர், கூரைகளின் மேலும் மரக்கிளைகளிலும் மக்கள். கூட்டத்தில் ஆச்சியின் சேலை முனையைக் கைவிடாமல் பற்றிக்கொண்டு கோட்டைக்குள் நுழைந்தேன்.

சாலைக் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதி வந்த என் மாமா எங்களைத் தம் அறையில் தங்க வைத்து, மறுநாள் நகரைச் சுற்றிக் காட்டினார். பத்மநாபசுவாமி கோயிலுக்கு எதிரே பழைய கட்டடத்தில் உள்ள மேத்தன் மணியைப் பார்த்தேன். ஒவ்வொரு மணிக்கும் தாடிக்கார முகம் ஒன்று வாய் திறக்க, இரு புறமும் இரண்டு ஆட்டுக்கடாக்கள் அதன் கன்னத்தில் வந்து முட்டும். அதற்காகவே இரண்டு மணி நேரம் அங்கே நின்றேன். சுவாதித் திருநாள் மன்னரின் குதிரைமாளிகையில் கூரைக்கு அடியில் வரிசையாக நிற்கும் 122 மரக் குதிரைகளை எண்ணத் தொடங்கிப் பாதியில் எண்ணிக்கையைத் தவறவிட்டேன். 1880-இல் கட்டி முடிக்கப்பட்ட அருங்காட்சியகத்தையும், அதை அடுத்த உயிர்க்காட்சிச் சாலையில் புலியையும் நீர்யானையையும் கண்டேன். அருங்காட்சியகத்தை அமைத்த சிசோம் என்ற கலைஞரே சென்னைப் பல்கலைக்கழகத்து செனட் மண்டபத்தையும் கட்டியவர் என்பதை ஆசிரியனான பிறகே அறிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் அந்த இடர் நேர்ந்தது. சாலைக் கடைத்தெருவின் நெரிசலில், பொம்மைக் கடை ஒன்றின் முன் நான் நின்றுவிட, மாமா முன்னே போய்விட்டார். திரும்பிப் பார்த்தால் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. ஓரிடத்தில் நின்ற சிறுவர்களிடம், பள்ளியில் கற்ற மலையாளத்தில், மாமாவின் கடைக்கு வழி கேட்டேன். என் உச்சரிப்பைக் கேட்டு ஒருவன் சிரித்தான். “எடா, பாண்டி!” என்றான். மற்றவர்களும் சிரித்தார்கள். அச்சொல்லின் பொருள் எனக்குத் தெரியாது. ஆனால் அதன் நோக்கம் புரிந்தது. பாண்டி நாடு என்பது ஓர் அரசின் பெயர், பெருமைக்குரிய பெயர் என்பதெல்லாம் படித்த பின் வந்த அறிவு. அன்று அழுகைதான் வந்தது.

அருகில் பூக்கட்டி விற்றுக்கொண்டிருந்த ஒரு முதியவள் என்னை அழைத்தாள். மலையாளத்தில்தான் பேசினாள். “யாரோடு வந்தாய்?” என்று கேட்டாள். என்ன சொல்வதென்று தெரியாமல், “சரஸ்வதி அம்மனோடு வந்தேன்” என்றேன். அவள் சிரிக்கவில்லை. அந்தச் சிறுவர்களைப் பார்த்து, “தேவியோடு வந்தவன் பாண்டி அல்ல, விருந்துக்காரன்” என்றாள். பின் தன் கூடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, என் கையைப் பிடித்து நவராத்திரி மண்டபத்துக்கு அழைத்துச் சென்றாள். “கூட்டத்தில் பிரிந்தவர் யாராயினும் கடைசியில் தேவியின் முன்தான் வந்து சேர்வர், இங்கேயே இரு” என்றாள். சற்று நேரத்தில் ஆச்சியும் மாமாவும் பதறிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்கள் நன்றி சொல்வதற்குள் அவள் போய்விட்டாள். அவள் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பது பழந்தமிழ்ப் பொருள். புதிதாக வருபவரே விருந்தினர். மலையாளத்திலும் அச்சொல் அதே அன்போடு வாழ்கிறது. ஒரே தெருவில், ஒரே நாழிகையில், என்னை ஒருவன் ‘பாண்டி’ என்றான். ஒருத்தி ‘விருந்துக்காரன்’ என்றாள். நான் மாறவில்லை, என் உச்சரிப்பும் மாறவில்லை. நான் தேவியின் ஊர்வலத்தில் வந்தவன் என்பது தெரிந்ததே வேறுபாடு. வேடிக்கை பார்க்க வந்தவனுக்கு அந்த நகரம் அயல் நகரமாக இருந்தது. விழாவோடு நடந்து வந்தவனுக்கு அது விருந்து வைக்கும் வீடாக இருந்தது.

கம்பர் வழிபட்ட கலைமகள்

நவராத்திரி மண்டபத்துச் சரஸ்வதியைப் பற்றி ஒரு மரபுச் செய்தி உண்டு. அது கவிச்சக்கரவர்த்தி கம்பர் வழிபட்ட திருமேனி என்றும், நவராத்திரி வழிபாடு என்றும் குறைவின்றி நடைபெற வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அவர் அதைச் சேர மன்னரிடம் ஒப்படைத்தார் என்றும் சொல்வர். வரலாற்று ஆராய்ச்சி இதை எவ்வாறு கொள்ளும் என்பது வேறு. இரு மொழி மக்களும் இதை நம்பி இத்தனை தலைமுறையாகப் போற்றி வருகிறார்கள் என்பதே எனக்குப் பெரிது. நவராத்திரியின் ஒன்பது மாலைகளிலும் அங்கே சுவாதித் திருநாள் இயற்றிய ஒன்பது கீர்த்தனங்கள் நாளுக்கு ஒன்றாகப் பாடப்படுகின்றன. அம்மண்டபத்தில் கைதட்டுவது வழக்கம் இல்லை. பாட்டு தேவிக்கு உரியது. விஜயதசமியன்று திருவனந்தபுரத்துக் குழந்தைகள் அரிசியில் விரல் வைத்து “ஹரி ஸ்ரீ” எழுதத் தொடங்குகிறார்கள். தமிழ்க் கவிஞர் வழிபட்ட கலைமகள் என்று போற்றப்படும் தேவி விருந்தாக வந்திருக்கும் நகரில், மலையாளக் குழந்தைகள் மலையாள எழுத்தைத் தொடங்குகின்றனர். கலைமகளுக்கு இதில் மனக்குறை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆயினும் விருந்தோம்பும் வீட்டிலும் மூடிய கதவுகள் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. பெண்கள் அம்மண்டபத்தில் அமர்ந்து கச்சேரி செய்யும் வழக்கம் நெடுங்காலம் இல்லை. கலைமகளே ஒரு பெண். அவள் முன் பெண் பாடலாகாது! அக்கதவைத் திறந்தவர் எங்கள் ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு சுமந்தவர். பாறசாலை பி. பொன்னம்மாள் 1924-இல் பாறசாலையில் பிறந்தவர். திருவனந்தபுரத்துச் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல் மாணவி. பின்னர் அங்கேயே ஆசிரியை. திருப்பூணித்துறை இசைக் கல்லூரியின் முதல் பெண் முதல்வர். 2006-இல், தம் 82-ஆம் வயதில், நவராத்திரி மண்டபத்தில் அமர்ந்து பாடிய முதல் பெண்மணி ஆனார். 2017-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2021-இல் மறைந்தார். 2006-இல் அந்தச் செய்தியை நாளிதழில் படித்துக் காட்டியபோது என் மனைவி, “ஆண்டாண்டாக நம்மூர் வழியாப் போற தேவியைப் பார்க்க நம்மூர்ப் பொண்ணு உள்ளே போக எண்பத்திரண்டு வயசு ஆச்சே” என்றாள். மகிழ்ச்சியும் வருத்தமும் கலந்த அச்சொல்லில் பிழை ஏதும் இல்லை.

திருவனந்தபுரத்துக்கும் தமிழுக்கும் உள்ள உறவு இவ்வளவில் முடிவதன்று. இன்று விழா தொடங்கும்போது நாம் எழுந்து நின்று பாடிய தமிழ்த்தாய் வாழ்த்தை இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரத்து மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். அப்பாடல் இடம்பெற்ற மனோன்மணீயம் 1891-இல் வெளிவந்தது. 1970-இல் தமிழ்நாட்டு அரசு அப்பாடலை ஏற்றது. தமிழ்த்தாயை வாழ்த்திய குரல் மலையாள நாட்டிலிருந்து எழுந்தது என்பதை நம் குழந்தைகளுக்கு நாம் சொல்லியிருக்கிறோமா? அந்நகரின் ஆற்றுக்கால் பகவதியைக் கண்ணகியோடு இணைத்துப் போற்றுகிறார்கள். மாசி மாதப் பொங்கல் விழாவில் அவள் கதையைத் தோற்றம் பாட்டாகப் பாடுகிறார்கள். இலட்சக்கணக்கான பெண்கள் தெருவெங்கும் அடுப்புக் கூட்டிப் பொங்கலிடும் அவ்விழாவில் எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள பெண்கள் அடுத்தடுத்து அமர்கிறார்கள்.

இவற்றை எல்லாம் “அது எங்களுடையது” என்று உரிமை கொண்டாடுவதற்காக நான் சொல்லவில்லை. அப்படிக் கொண்டாடுவது விருந்துக்குப் போன இடத்தில் வீட்டுப் பத்திரத்தைக் கேட்பது போல ஆகும். கொடுத்ததும் பெற்றதும் இன்னதென்று பிரிக்க முடியாதபடி கலந்திருப்பதே உறவு என்பதற்காகச் சொன்னேன்.

வேடிக்கையும் விழாவும்

பெருநகரங்களின் கார்னிவல்களைப் பற்றி நாம் படிக்கிறோம்; திரையில் பார்க்கிறோம். பிரேசில் நாட்டு ரியோ நகரில் அதற்கெனவே 1984-இல் நெடிய அணிவகுப்பு அரங்கம் ஒன்று கட்டினார்கள். பயணிகள் சீட்டு வாங்கிப் படிவரிசையில் அமர்ந்து பார்க்கிறார்கள். ஆனால் அங்கே ஆடி வருபவர்கள் யார்? அந்நகரின் சிறு சிறு பகுதிகளில் வாழும் எளிய மக்கள். பல மாதங்கள் உழைத்து உடையும் தேரும் பாட்டும் செய்து, தத்தம் பகுதியின் பெயரை நிலைநாட்ட வருபவர்கள். படியில் அமர்ந்தவனுக்கு அது ஓர் இரவுக் காட்சி. கீழே ஆடுபவனுக்கு அது ஓர் ஆண்டின் வாழ்வு.

சிங்கப்பூரில் 1973-இல் சீனப் புத்தாண்டை ஒட்டிச் சிங்கே என்னும் ஊர்வலம் தொடங்கியது. பட்டாசுக்குத் தடை வந்ததால் மங்கிய மகிழ்ச்சியை மீட்பதற்காக அதை ஏற்படுத்தினார்கள். தொடக்கத்தில் அது சீனர் விழா. பின்னர் மலாய்க்காரரும் இந்தியரும் அதில் சேர்ந்து நடந்தார்கள். இன்று அது அந்நாட்டு மக்கள் அனைவரின் விழா. “அது அவங்க விழா” என்று எல்லாரும் மாடியிலேயே நின்றிருந்தால் அது அவ்வாறு ஆகியிருக்குமா?

கூடிவாழும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்

அன்பர்களே, இனி நம் குடியிருப்புக்கு வருவோம். நமக்கு இரண்டு அச்சங்கள் உள்ளன. ஒன்று, பிள்ளைகள் தமிழை மறந்துவிடுவார்களோ என்பது. மற்றொன்று, நாம் என்றும் இவ்வூரில் அயலாராகவே இருந்துவிடுவோமோ என்பது. முதல் அச்சத்தினால் சிலர் கதவை அடைத்துக்கொள்கிறார்கள். இரண்டாம் அச்சத்தினால் சிலர் தமிழை விட்டுவிடுகிறார்கள். இரண்டும் தவறு என்பதை எங்கள் எல்லைச் சாலை எனக்குக் கற்பித்தது. தேவி திருவனந்தபுரம் போகிறாள். ஒன்பது நாள் அங்கே கொலு வீற்றிருக்கிறாள். அந்நகரத்துக் குழந்தைகளின் முதல் எழுத்தை வாழ்த்துகிறாள். பின்னர் தவறாமல் தன் ஊர் திரும்புகிறாள். போகாமலும் இருப்பதில்லை, திரும்பாமலும் இருப்பதில்லை.

ஆதலால் மூன்று செய்திகளைப் பணிவோடு வேண்டுகிறேன். இவ்வாண்டு நவராத்திரிக் கொலுவுக்கு ஒவ்வொரு வீட்டாரும் தமிழ் அறியாத ஓர் அண்டை வீட்டாரையேனும் அழையுங்கள். சுண்டலோடு கொலுப் பொம்மைகளின் கதையையும் சொல்லுங்கள். இவ்வூரார் விழா எடுக்கும்போது மாடியில் நிற்காமல் கீழே இறங்குங்கள். தண்ணீர்ப் பந்தலில் ஒரு குவளை நீராவது ஊற்றிக் கொடுங்கள். விஜயதசமியன்று உங்கள் குழந்தையை முதலில் ‘அ’ என்று எழுதச் சொல்லுங்கள். அடுத்து இவ்வூர் மொழியின் முதல் எழுத்தையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே அரிசியில், ஒரே விரலால் எழுதப்படட்டும். ஒன்று மற்றொன்றை அழிக்காது. எங்கள் ஊரில் ஆச்சி தமிழ் கற்பித்தார்கள், பள்ளி மலையாளம் கற்பித்தது. இன்று இரண்டிலும் என்னால் நினைக்கவும் நகைக்கவும் முடிகிறது.

வரும் நவராத்திரிக்கு என் பேரனை அழைத்துக்கொண்டு எங்கள் ஊருக்குப் போக இருக்கிறேன். ஆச்சி என்னை நடத்திச் சென்ற வழியில், பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரையிலாவது அவனோடு நடக்க வேண்டும். என் கால்கள் அதற்கு மேல் இடம் கொடா. வழியில் எவரேனும் அவனைப் பார்த்து யாரோடு வந்தாய் என்று கேட்டால், என்ன விடை சொல்ல வேண்டும் என்று அவனுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவதாகவும் வாக்குக் கொடுத்திருக்கிறான். அதைக் காப்பாற்றுவானா என்பதைத் தேவிதான் அறிவாள்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!